ஓடுகிறவரும் வழி திறக்கிறவர்களும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்கக் கால்பந்தில் ஆண்டுதோறும் எழுகிற ஒரு கேள்வி. ஓர் அணியில் பேர்பெற்ற ரன்னிங் பேக் ஒருவர் இருக்கிறார். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவது அவர் வேலை. பல ஆண்டுகளாக ஓடிவிட்டார். ரசிகர்கள் அவருடைய எண் பொறித்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மைதானத்துக்கு வருகிறார்கள். ஆனால் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் இன்னோர் அணி கேட்கிறது: அவரை எங்களுக்குக் கொடுங்கள், பதிலுக்குச் சில ஆட்களும், வருகிற ஆண்டுகளில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் எங்கள் டிராஃப்ட் உரிமைகளும் தருகிறோம். கொடுக்கலாமா, கூடாதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அணியின் மற்ற இடங்கள் காலியாக இருக்கும்வரை கொடுக்கத்தான் வேண்டும். அவர் கால்களில் வேகம் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். வந்ததை ஓரிடத்தில் கொட்டாமல் பல இடங்களில் பரப்ப வேண்டும். அப்படிச் செய்வது அணிக்கு மட்டுமல்லாமல், ஓடுகிறவருக்கும் நியாயம் என்பதே என் கட்சி.

ஓர் ஓட்டம் எப்படி நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பந்தை எடுத்துவிடும் சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டுகள், அவர்களுக்கு வெளியே இரண்டு டேக்கிள்கள் என்று ஐந்து பேர் குனிந்து நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏறக்குறைய 140 கிலோ. பந்து பின்னால் வந்ததும் ஐவரும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் ஓரடி எடுத்து வைக்கிறார்கள். எதிரே நிற்பவர்களும் அவர்களோடு சேர்ந்து அந்தப் பக்கமே இழுபடுகிறார்கள். அந்த நெரிசலில் எங்காவது இரண்டு உடல்களுக்கு இடையே ஓர் இடுக்கு தெரியும். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தை வாங்கியவர் அந்த இடுக்கைப் பார்த்து, ஒரே ஒரு முறை காலை ஊன்றித் திரும்பி, உள்ளே பாய வேண்டும். ஒரு விநாடிக்குள் இடுக்கு மூடிக்கொள்ளும். அதைக் காணும் கண்ணும் பாயும் காலும் அவருடையவை. அதைத் திறந்தவர்கள் ஐந்து பேர். தொலைக்காட்சியில் தெரிவது பாய்ச்சல் மட்டும்தான். மறுநாள் செய்தியில் வரும் யார்டு கணக்கும் ஓடியவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. ஆறு பேரின் விளைச்சலை ஒருவர் பேரில் பட்டா போடுகிற இந்தக் கணக்குமுறைதான் நம் கேள்வியைக் குழப்புகிறது.

விளைச்சலில் அந்த ஐவர் முன்வரிசையின் பங்கு எவ்வளவு என்பதற்கு டென்வர் பிராங்கோஸ் நல்ல சான்று. மைக் ஷானஹன் தலைமைப் பயிற்சியாளர். அலெக்ஸ் கிப்ஸ் முன்வரிசைப் பயிற்சியாளர். 1998-ல் அந்த அணியில் டெரல் டேவிஸ் 2,008 யார்டு ஓடினார். மறு ஆண்டு அவர் முழங்காலில் பலத்த காயம். டிராஃப்டின் நான்காம் சுற்றில் எடுத்த புதிய பையன் ஒலாண்டிஸ் கேரி அவருக்குப் பதிலாக இறங்கி 1,159 யார்டு ஓடினார். 2000-ல் ஆறாம் சுற்றில் எடுத்த மைக் ஆண்டர்சன் 1,487 யார்டு. பிறகு வந்த கிளிண்டன் போர்ட்டிஸ் 2002-ல் 1,508, 2003-ல் 1,591. ஓட்டத்துக்குச் சராசரி 5.5 யார்டு. 2004-ல் டென்வர் அந்தப் போர்ட்டிஸை வாஷிங்டனுக்குக் கொடுத்து, தற்காப்பு வீரர் சாம்ப் பெய்லியையும் ஓர் இரண்டாம் சுற்று உரிமையையும் வாங்கியது. வாஷிங்டனில் போர்ட்டிஸின் சராசரி முதல் ஆண்டிலேயே 3.8-க்கு இறங்கியது. டென்வரில் அதே ஆண்டு ரூபன் டிரோன்ஸ் என்பவர் 1,240 யார்டு ஓடினார். ஓடுகிறவர் மாறிக்கொண்டே இருந்தார். 2001 நீங்கலாக, ஆயிரத்துக்கு மேல் என்ற எண் மாறவில்லை. போர்ட்டிஸ் திறமையில் யாருக்கும் குறைந்தவரில்லை. ஆனால் திறமையைப் பெட்டியில் வைத்து வேறு ஊருக்குக் கொண்டுபோக முடிந்த அளவுக்கு, அதற்கு வழி திறந்த வரிசையைக் கொண்டுபோக முடியவில்லை.

இதோடு உடலின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டில் எந்த இடத்திலும் ஆள் அடிபடுவார். ஆனால் ரன்னிங் பேக் ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும் அடிபட்டே தீர வேண்டும். 1998-ல் டேவிஸ் 392 முறை பந்தைச் சுமந்தார். அதற்குப் பிறகு ஒரு பருவத்தில்கூட அவர் ஆயிரம் யார்டைத் தொடவில்லை. முப்பது வயதாவதற்குள் ஆட்டத்தை விட்டே போனார். லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸின் டாட் கர்லி 2018-ல் 5.75 கோடி டாலருக்கு ஒப்பந்த நீட்டிப்புப் பெற்றார். 2020 மார்ச்சில், 25 வயதில், அதே அணி அவரை விடுவித்தது. முப்பது வயதில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு வந்து 2024-ல் 1,921 யார்டு ஓடிய டெரிக் ஹென்றி இருக்கிறாரே என்று கேட்கலாம். இருக்கிறார், அவரை எல்லாரும் வியந்து பேசுவதே அப்படி இன்னொருவரைக் காட்டுவது அரிது என்பதால்தான். அரிதானதை நம்பி ஓர் அணி ஐந்தாண்டுத் திட்டம் போட முடியாது. முன்வரிசை ஆட்கள் முப்பதைத் தாண்டியும் நன்றாக ஆடுவார்கள். குவார்ட்டர்பேக் நாற்பதை நெருங்கியும் ஆடியதுண்டு. ரன்னிங் பேக்குக்கு அந்தக் கால அவகாசம் இல்லை. சரிந்த அணியை மறுபடி எழுப்ப மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும். அந்த அணி எழுந்து நிற்கும் நாளில், இன்றைய மூத்த ஓட்டக்காரர் இன்றைய வேகத்தில் இருக்கமாட்டார்.

இந்தக் கணக்கைத் துணிந்து போட்டுப் பார்த்த ஒருவர் உண்டு. 1989 பிப்ரவரியில் ஜெர்ரி ஜோன்ஸ் டாலஸ் கௌபாய்ஸ் அணியை வாங்கி, ஜிம்மி ஜான்சனைப் பயிற்சியாளராக்கினார். முந்தைய பருவத்தில் 3 வெற்றி, 13 தோல்வி கண்ட அணி அது. அதன் ஒரே பெரிய சொத்து ஹெர்ஷல் வாக்கர். 1988-ல் 1,514 யார்டு ஓடியவர். புதிய பருவத்தில் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. 1989 அக்டோபர் 12 அன்று, 27 வயது வாக்கரை மின்னசோட்டா வைக்கிங்ஸுக்கு ஜான்சன் கொடுத்தார். ஆட்களும் உரிமைகளுமாக மொத்தம் 18 கைமாறின. மின்னசோட்டா ஐந்து வீரர்களை அனுப்பியது. அந்த வீரர்களுள் எவரையாவது அடுத்த பிப்ரவரிக்குள் டாலஸ் விடுவித்தால், அவருக்கு ஈடாக ஒரு டிராஃப்ட் உரிமை டாலஸுக்குச் சேரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. டாலஸ் வீரர்களைத்தான் வைத்துக்கொள்ளும் என்று மின்னசோட்டாவின் பொது மேலாளர் மைக் லின் எண்ணினார். ஜான்சனின் கண் முதலிலிருந்தே உரிமைகளின் மேல்தான் இருந்தது. முடிவில் 1990, 1991, 1992 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று, இரண்டாம் சுற்று உரிமைகள் டாலஸிடம் வந்து சேர்ந்தன.

அந்த உரிமைகளை ஜான்சன் என்ன செய்தார் என்பதில்தான் பாடம் இருக்கிறது. ஒன்றை வைத்து 1990 டிராஃப்டில் சில இடம் முன்னேறி எம்மிட் ஸ்மித்தை எடுத்தார். வாக்கரைவிட ஏழு வயது இளையவர். மற்றவற்றைப் பிற அணிகளோடு மாற்றி மாற்றிப் பெருக்கினார். 1991-ல் முதல் இடத்துக்கே ஏறித் தற்காப்பு முன்வரிசைக்கு ரசல் மேரிலண்டை எடுத்தார். 1992-ல் பின்களத் தற்காப்புக்குக் கெவின் ஸ்மித்தும் டேரன் உட்சனும் வந்தார்கள். டிராஃப்டில் எந்த இடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று குத்துமதிப்பாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், அணியின் பங்குதாரர் மைக் மெக்காய் போட்டுக் கொடுத்த புள்ளி அட்டவணையை ஜான்சன் பயன்படுத்தினார். முதல் இடத்துக்கு அதில் 3,000 புள்ளி. 1989-ல் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்ற டாலஸ், 1990-ல் 7, 1991-ல் 11, 1992-ல் 13 வென்றது. 1992, 1993, 1995 பருவங்களில் சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டத்தின் கோப்பையும் அதற்கே.

இப்படிப் பல இடங்களில் பரப்பிச் சேர்த்த ஆள்பலம் களத்தில் எப்படித் தெரியும் என்பதை 1993 ஜனவரி 31 அன்று நடந்த சூப்பர் பவுலில் பார்க்கலாம். டாலஸின் தற்காப்பு முன்வரிசையில் நிற்க வேண்டியவர்கள் நால்வர். ஜான்சன் எட்டுப் பேரை மாற்றி மாற்றி இறக்கினார். நால்வர் மூச்சு வாங்கும்போது மற்ற நால்வர் உள்ளே நின்றார்கள். எதிரணியான பஃபலோ பில்ஸுக்கு அப்படி இளைப்பாற நேரம் கிடைக்கவில்லை. முதல் கால்பகுதியிலேயே பஃபலோ குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி தம் கோல் கோட்டுக்கு மிக அருகே பந்தோடு பின்வாங்கியபோது சார்லஸ் ஹேலி வந்து மோதினார். பந்து காற்றில் எழும்பியது. 1990-ன் மூன்றாம் சுற்றில் வந்த ஜிம்மி ஜோன்ஸ் அதைப் பிடித்துக் கோட்டுக்குள் விழுந்தார். அன்று பஃபலோ ஒன்பது முறை பந்தைப் பறிகொடுத்தது. டாலஸ் 52, பஃபலோ 17. அந்த எட்டுப் பேருள் ஏழாம் சுற்றில் எடுத்த லியோன் லெட் போன்றவர்களும் இருந்தார்கள். பேர்பெற்ற ஒருவர் தனியே எத்தனை யார்டு ஓடினாலும் இந்த இளைப்பாறலை அணிக்கு வாங்கித் தர முடியாது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, வலுவானது: அதே டாலஸின் கதையே உங்களுக்கு எதிராகப் பேசவில்லையா? 1993-ல் சம்பளத் தகராறில் எம்மிட் ஸ்மித் ஆட வரவில்லை; நடப்புச் சாம்பியன் முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. அவர் திரும்பி வந்த பிறகு 1,486 யார்டு ஓடி, லீக்கின் சிறந்த வீரர் விருதும், மறுபடி சூப்பர் பவுலும் வென்றார். 2024-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் விட்டுவிட்ட சேக்வான் பார்க்லி, பிலடெல்பியா ஈகிள்ஸில் 2,005 யார்டு ஓடி அந்தப் பருவத்திலேயே கோப்பையைத் தூக்கினார். ஓட்டக்காரர் முக்கியமில்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? நான் அப்படிச் சொல்லவில்லை. எல்லாம் அமைந்த அணியில் அவர் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே நிற்கிறார் என்பதை ஏற்கிறேன். பார்க்லி ஜயண்ட்ஸில் 2023-ல் ஓட்டத்துக்கு 3.9 யார்டு எடுத்தார். லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாடா போன்றவர்கள் வழி திறந்த பிலடெல்பியாவில் 5.8 எடுத்தார். ஆள் அதே ஆள்தான். ஸ்மித் இல்லாதது டாலஸுக்கு அவ்வளவு பெரிய குறையானது, மற்ற இடங்கள் முன்பே நிரம்பி அவர் இடம் மட்டும் காலியாக இருந்ததால். கட்டி முடித்த அணிக்கு ஓட்டக்காரரை வைத்துக்கொள்ளவும் வாங்கவும் காரணம் உண்டு. கட்டத் தொடங்காத அணிக்கு அந்தக் காரணம் பொருந்தாது; அவர் கடைசியில் சேர்க்க வேண்டியவர்.

அப்படியானால் வைக்கிங்ஸ் வலுவான அணிதானே, வாக்கரை வாங்கியும் ஏன் தேறவில்லை என்ற துணைக்கேள்வி வரும். வாக்கர் அங்கே முதல் ஆட்டத்திலேயே 148 யார்டு ஓடினார். ஆனால் அங்கே ஆடிய இரண்டரைப் பருவத்தில் ஒரு முறைகூட ஆயிரம் யார்டைத் தொடவில்லை. பந்துக்கு வெகு பின்னால் நின்று வேகம் பிடித்து ஓடிப் பழகியவரை, வேறு அமைப்பில் ஆடிய அணி தனக்கேற்றபடி வளைக்கப் பார்த்தது. அதைவிடப் பெரிய காரணம் விலை. ஒருவருக்காக மூன்றாண்டு டிராஃப்டையும் ஐந்து வீரர்களையும் தந்ததால், தன் பலமாயிருந்த ஆள்பலத்தையே அது கரைத்துவிட்டது. 1990-ல் 6 வெற்றி, 10 தோல்வி. 2022 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை வாங்கியபோது, முதல் சுற்று உரிமை ஒன்றைக்கூடத் தரவில்லை. இரண்டு முதல் ஐந்து வரையான சுற்றுகளில் சுற்றுக்கொன்றாக நான்கு உரிமைகள் கொடுத்தது. 2023-ல் அவர் ஓடியும் பந்தைப் பிடித்தும் 2,023 யார்டு சேர்த்தார், அணி சூப்பர் பவுல்வரை போனது. வாங்குகிறவரும் அளவறிந்து வாங்கினால் இரு பக்கமும் பிழைக்கும்.

இரண்டாவது மறுப்பு: கையிலிருக்கும் ஆளைக் கொடுத்து, யாரென்றே தெரியாத நாளைய பையன்களை வாங்குவது சூதாட்டமில்லையா? இதற்கும் சான்று உண்டு. 1987-ல் ராம்ஸ், ஒரே பருவத்தில் 2,105 யார்டு ஓடிச் சாதனை படைத்த எரிக் டிக்கர்சனைக் கொடுத்து, மூன்று முதல் சுற்று உரிமைகளும் மூன்று இரண்டாம் சுற்று உரிமைகளும் இரண்டு ஓட்டக்காரர்களும் பெற்றது. ஏறக்குறைய வாக்கர் விலைதான். வந்தவர்களைக் கொண்டு சூப்பர் பவுலை எட்ட அதனால் முடியவில்லை. மெக்காஃப்ரியைக் கொடுத்த கரோலைனா பேந்தர்ஸ் கதை இன்னும் கசப்பானது. அவருக்காகக் கிடைத்த இரண்டாம் சுற்று உரிமையை, அடுத்த மார்ச்சிலேயே வேறு உரிமைகளோடும், டி.ஜே. மூர் என்ற தேர்ந்த பந்துபிடிப்பாளரோடும் சேர்த்துச் சிகாகோவிடம் கொடுத்து, முதல் இடத்துக்கு ஏறி பிரைஸ் யங் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. 2023-ல் எதிரணியினர் அந்த இளைஞரை 62 முறை பந்தோடு வீழ்த்தினார்கள். அணி 2 வெற்றி, 15 தோல்வி. மாட்டை விற்று விதைநெல் வாங்கி, விதைக்காமல் குத்தித் தின்ற கதைதான் அது. இந்தச் சான்றுகள் கொடுத்தது தவறு என்று காட்டவில்லை. கிடைத்ததைப் பரப்பாமலும் சரியாகத் தேராமலும் விட்டால் கொடுத்தது வீண் என்று காட்டுகின்றன. எந்த ஒரு தேர்வும் பொய்த்துப் போகலாம் என்பதால்தான் பல தேர்வுகள் வேண்டும்.

மூன்றாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. ஜான்சன் காலத்தில் சம்பள உச்சவரம்பு இல்லை. டிராஃப்டில் 12 சுற்று இருந்தது. இன்று 7 சுற்றுதான், அந்தக் கணக்கு இப்போது செல்லுமா? இன்றுதான் அதிகம் செல்லும் என்பேன். 1994-ல் ஒவ்வோர் அணியின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது. 2024-ல் அது 25.54 கோடி டாலர். 53 பேரை அதற்குள் வைத்துக்கொள்ள வேண்டும். டிராஃப்டில் வரும் இளைஞருக்கு முதல் நான்கு ஆண்டு குறைந்த சம்பளமே விதித்திருக்கிறது. ஆகவே மூத்த ஓட்டக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் பல இடங்களுக்கு ஆள் கிடைக்கும். பருவமும் இப்போது 17 ஆட்டமாக நீண்டுவிட்டது. முதல் நாள் நிறுத்திய வரிசையோடு பருவத்தை முடிக்கும் அணி அரிது. டிசம்பரில் யார் ஆடுகிறார்கள் என்பதை, ஆகஸ்டில் இரண்டாம் வரிசையில் யாரை வைத்திருந்தோம் என்பது முடிவு செய்கிறது.

கடைசி மறுப்பு மனம் சார்ந்தது. உடம்பைத் தேய்த்து ஓடியவரைச் சந்தையில் மாடு விற்பதுபோல் கொடுத்து அனுப்புவது நன்றி கொன்ற செயல் ஆகாதா? இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் டெட்ராய்ட் லயன்ஸின் பாரி சாண்டர்ஸை நினைக்கச் சொல்கிறேன். 1989 முதல் பத்துப் பருவம் அவர் அங்கே ஓடினார்; பத்திலும் ஆயிரத்துக்கு மேல்; 1997-ல் 2,053. அந்தப் பத்தாண்டில் அணி வென்ற பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றே ஒன்று. 1999-ல், வால்டர் பேட்டனின் வாழ்நாள் சாதனைக்கு 1,457 யார்டே மிச்சமிருக்க, 31 வயதில், உடல் நன்றாயிருக்கும்போதே சாண்டர்ஸ் ஓய்வு அறிவித்தார். அணி தோற்றுக்கொண்டே இருந்தது தம் ஆசையை அடித்துவிட்டதென்று பின்னால் எழுதினார். அவரை வைத்துக்கொண்டது விசுவாசம் என்றால், அந்த விசுவாசத்தால் அவருக்குக் கிடைத்தது என்ன? பார்க்லிக்கும் மெக்காஃப்ரிக்கும் இடம் மாறியதால்தான் உயர்ந்த ஆட்டங்கள் வாய்த்தன. வாக்கரும் மின்னசோட்டாவிலிருந்து பிலடெல்பியாவுக்குப் போன 1992-ல் மறுபடி 1,070 யார்டு ஓடினார். வழி திறக்க ஆளில்லாத இடத்தில் ஒருவரை ஓடவிட்டு, அவர் தேய்ந்த பின் விடுவிப்பதுதான் நன்றியற்ற செயல். நன்றி காட்ட விரும்பும் அணி அவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். வழி திறக்க வல்ல அணிக்கு அவரை அனுப்பப் பார்க்க வேண்டும்.

ஆகவே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். நம் முன்வரிசை, சாதாரண ஓட்டக்காரர் ஒருவருக்கும் வழி திறக்கக்கூடியதா? அணி முழுதாகக் கட்டி முடியும் ஆண்டில் இவர் கால்களில் இன்றைய வேகம் இருக்குமா? இவருக்குப் பதிலாக வருவதை நான்கைந்து இடங்களில் பரப்ப நமக்குப் பொறுமையும் தேர்ந்தெடுக்கும் கண்ணும் உண்டா? முதல் இரண்டுக்கும் இல்லை என்றும், மூன்றாவதற்கு உண்டு என்றும் பதில் வந்தால், கொடுத்துவிடுங்கள். மூன்றாவதற்கும் இல்லை என்றால் கோளாறு ஓட்டக்காரரிடம் இல்லை. முதலில் சீர்ப்படுத்த வேண்டியது தேர்வு செய்கிற அறையை. ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பிடித்த வீரர் போகிற நாளில் வருத்தப்படுங்கள், அதில் தவறில்லை. ஆனால் வந்தவர்கள் யார், எந்தெந்த இடத்துக்கு வந்தார்கள் என்று பாருங்கள். அணி நிர்வாகத்திடம் கணக்குக் கேட்க வேண்டியது அதற்காகத்தான். போனவரின் பெயருக்காக அல்ல.